பெயர்ப்பலகைக்குச் சண்டை, தவணைக்குப் பூட்டு: விளாத்திகுளத்துக்காரன் என்ன கேட்கணும்?



பிப்ரவரி 1-ம் தேதி ஒன்றிய பட்ஜெட் வருகிறது. தேர்தல் ஆண்டு என்பதால் சென்னையிலும் இடைக்கால பட்ஜெட் வரும். இரண்டு பக்கமும் "சுகாதாரத்துக்கு இத்தனை ஆயிரம் கோடி" என்று போஸ்டர் போடுவார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த பதினைந்து நாளைக்கு அதுதான் சண்டை. அந்தச் சண்டைக்குள் இறங்குறதுக்கு முன்னாடி, எதற்காகச் சண்டை போடணும், எதற்காகப் போடக் கூடாது என்று நமக்குள்ளே ஒரு தெளிவு வேணும். அதற்குத்தான் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுமையா படிங்க.

முதலில் அமெரிக்காவுக்கு ஒரு எட்டு போய்ட்டு வருவோம்.

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, மொத்தம் 43 நாள், அமெரிக்க அரசாங்கம் பூட்டிக் கிடந்தது. அதுவரைக்கும் அந்த நாட்டு வரலாற்றிலேயே நீளமான பூட்டு அதுதான். காரணம் என்ன? மருத்துவக் காப்பீடு. ஒபாமா கொண்டுவந்த சட்டத்தின் கீழ் காப்பீடு வாங்குகிற சுமார் 2 கோடிப் பேருக்கு, கொரோனா காலத்தில் கூடுதல் மானியம் கொடுத்தார்கள். அது 2025 டிசம்பரோடு முடியும். அதை நீட்டிக்காமல் செலவு மசோதாவுக்கு ஓட்டுப் போட மாட்டோம் என்று ஜனநாயகக் கட்சி நின்றது. முதலில் அரசாங்கத்தைத் திற, பிறகு பேசலாம் என்று குடியரசுக் கட்சி நின்றது. நடுவில் அரசு ஊழியர்கள் லட்சக்கணக்கில் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். 4 கோடிக்கும் மேற்பட்ட ஏழைகள் வாங்குகிற உணவு உதவி நவம்பரில் இழுபறியானது. கடைசியில் பூட்டு திறந்தது. மானியம் மட்டும் நீளவில்லை, டிசம்பரோடு முடிந்துவிட்டது. 2013-லும் இதே சட்டத்துக்காக 16 நாள் பூட்டினார்கள்.

உலகத்திலேயே பணக்கார நாடு. அங்கேயே நோயாளியின் காசை வைத்துக் கட்சிகள் பேரம் பேசுகின்றன.

"நல்ல வேளை, நம்ம நாட்டில் அப்படி எல்லாம் கிடையாது" என்று சொல்லத் தோணும். சட்டப்படி உண்மைதான். இங்கே பட்ஜெட் தோற்றால் அரசாங்கமே கவிழும். அதனால் பெரும்பான்மை உள்ள கட்சி பட்ஜெட்டை நிறைவேற்றிவிடும். ஆஸ்பத்திரி வாசலில் பூட்டுத் தொங்காது.

ஆனால் நம்ம ஊர்ப் பூட்டு வேற மாதிரி. அது வாசலில் தொங்காது, ஃபைலுக்குள்ளே இருக்கும்.

சத்தமில்லாத பூட்டு

பொது சுகாதாரமும் மருத்துவமனையும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தேசிய சுகாதார இயக்கத்தின் பணத்தில் 60 பங்கு டெல்லியிலிருந்து வர வேண்டும், 40 பங்கு மாநிலம் போட வேண்டும். டெல்லிப் பங்கு ஒரே தடவையில் வராது, தவணையாக வரும். கணக்குக் கொடுத்தால் அடுத்த தவணை. கணக்குக் கேட்பதில் தப்பே இல்லை. நம்ம வரிப்பணத்துக்குக் கணக்கு வேணும்தான்.

ஆனால் 2023-ல் நடந்தது என்ன? பஞ்சாபில் ஆம் ஆத்மி அரசு, சுகாதார நல மையங்களை "ஆம் ஆத்மி கிளினிக்" என்று மாற்றி முதலமைச்சர் படத்தை ஒட்டியது. உடனே டெல்லி தவணையை நிறுத்தியது. கேரளாவில் குடும்ப ஆரோக்கிய மையங்களுக்கு டெல்லி சொன்ன பெயரை வைக்கவில்லை என்று அங்கேயும் பணம் நின்றது. 600 கோடி ரூபாய்க்கு மேல் வர வேண்டியது வரவில்லை என்று இரண்டு மாநிலங்களுமே சொன்னன. டெல்லி வைக்கச் சொன்ன பெயர் "ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்". கேரளா பல மாதம் முரண்டு பிடித்துப் பார்த்து, 2024-ல் பழைய பெயரோடு புதுப் பெயரையும் சேர்த்து எழுத ஒத்துக்கொண்டது.

இதில் பஞ்சாப் செய்ததும் சரியில்லை. முதலமைச்சர் படம் இல்லாமல் ஒரு கிளினிக் நடக்காதா? படம் ஒட்டினது ஒரு தப்பு. அந்தப் படத்துக்காக நர்ஸ் சம்பளத்தையும் மருந்துக் காசையும் நிறுத்தினது அதைவிடப் பெரிய தப்பு. ஏன் என்றால் முதல் தப்பில் சுவர்தான் கெட்டது. இரண்டாவது தப்பில் நோயாளி கெட்டான்.

காப்பீட்டிலும் இதே கதைதான். 2018 செப்டம்பரில் பிரதமரின் ஜன் ஆரோக்கிய திட்டம் வந்தது. எங்களுக்கு ஸ்வஸ்திய சாத்தி இருக்கிறது, எங்கள் பணத்தில் பிரதமர் படத்தோடு கடிதமா என்று கேட்டு 2019 ஜனவரியில் மேற்கு வங்கம் வெளியேறியது. டெல்லி மாநிலமும் ஒடிசாவும் சேரவே இல்லை. அப்புறம் ஆட்சி மாறியது. 2025 ஜனவரியில் ஒடிசா கையெழுத்து, ஏப்ரலில் டெல்லி கையெழுத்து. நோய் மாறவில்லை, நோயாளி மாறவில்லை, திட்டத்தின் விதியும் பெரிதாக மாறவில்லை. கோட்டையில் கொடி மாறியது, கையெழுத்து விழுந்தது. இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது?

படிப்பிலும் இதே முறைதான். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடியை நிறுத்தினார்கள். இன்னைக்குப் பள்ளிக்கூடம், நாளைக்கு ஆஸ்பத்திரி. அது நம்ம வாசலுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரே பட்டியல், ஐந்து மாநிலம்

எய்ம்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது நம்ம தெற்கு மாவட்டங்களின் கதை.

2015 பிப்ரவரி 28 பட்ஜெட்டில் ஐந்து மாநிலங்களுக்கு எய்ம்ஸ் என்று அறிவித்தார்கள். ஜம்மு காஷ்மீர், பஞ்சாப், இமாசலம், அசாம், தமிழ்நாடு.

இமாசலத்தின் பிலாஸ்பூரில் 2022 அக்டோபரில் திறப்பு விழா.
அசாமின் குவாஹாட்டியில் 2023 ஏப்ரலில் திறப்பு விழா.
ஜம்முவில் 2024 பிப்ரவரி 20-ல் திறப்பு விழா.
பஞ்சாபின் பட்டிண்டாவில் 2024 பிப்ரவரி 25-ல் திறப்பு விழா.

மதுரை தோப்பூரில்? 2019 ஜனவரி 27-ல் அடிக்கல். 2021-ல் ஜப்பான் நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தம். கட்டட வேலை சூடு பிடித்தது 2024-ல். 2022-ல் சேர்ந்த முதல் பேட்ச் மாணவர்கள் 50 பேர் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

நியாயமாகப் பேசணும். அதே பட்ஜெட்டில் பீகாருக்கும் ஒன்று சொன்னார்கள், அங்கே தர்பங்காவில் அடிக்கல்லே 2024 நவம்பரில்தான். ஆக நம்ம ஒருத்தருக்கு மட்டும் தாமதம் என்று சொல்ல முடியாது. ஆனால் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு ஒன்றிய அரசே நேரடியாகப் பணம் போட்டது, மதுரைக்கு மட்டும் வெளிநாட்டுக் கடனுக்குக் காத்திருந்தது ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது டெல்லிதான். நம்ம பக்கம் யாராவது சுகமில்லாமல் போனால் தூத்துக்குடி, அங்கே முடியாவிட்டால் நெல்லை இல்லை மதுரை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி பத்து வருஷம் தள்ளிப்போவது கரிசல் காட்டுக்காரனுக்கு வெறும் பத்திரிகைச் செய்தி இல்லை.

சென்னைக் கோட்டையிலும் இதே நோய்

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போனால் பாதி உண்மைதான் பேசினதாகும்.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2011-ல் ஆட்சி மாறியது, அந்தத் திட்டம் போனது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஓமந்தூரார் வளாகத்தில் தலைமைச் செயலகமாகக் கட்டினதை ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். அது நல்ல ஆஸ்பத்திரியாக ஓடுகிறது, சந்தோஷம். ஆனால் முடிவு எடுக்கும்போது அங்கே நோயாளி நினைவுக்கு வந்தாரா, எதிர்க்கட்சி நினைவுக்கு வந்ததா என்று ஊருக்கே தெரியும். 2020 டிசம்பரில் தேர்தலுக்கு நாலு மாசம் முன்னாடி 2,000 அம்மா மினி கிளினிக். அடுத்த ஆட்சி வந்ததும் மூடல். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம். வீட்டு வாசலுக்கே சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வருவது உண்மையிலேயே நல்ல காரியம். அதைப் பாராட்டுவதில் நமக்குக் கூச்சம் வேண்டாம். ஆனால் அடுத்த ஆட்சியிலும் அது இருக்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை பாருங்க, அதுதான் பிரச்சினை.

எந்தத் திட்டம் தப்பிக்கிறது என்று கவனித்தால் ஒரு பாடம் இருக்கிறது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் ஆரம்பித்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு, மூலப் பெயரிலேயே வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் போட்டு அனுப்புகிற அமைப்பு. ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கியது, கருணாநிதி ஆட்சியில் தொடர்ந்தது, அதற்கப்புறம் எத்தனை ஆட்சி மாறியும் யாரும் கை வைக்கவில்லை. கேரளாவும் ராஜஸ்தானும் பார்த்துப் பின்பற்றின. அதில் யார் பெயரும் இல்லை, யார் படமும் இல்லை. முப்பது வருஷமாக விளாத்திகுளம் ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைக்கிறது என்றால் அதற்குப் பின்னாடி இருப்பது இந்தப் பெயரில்லாத வேலை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் அப்படித்தான். அந்த அம்மையார் எந்தக் கட்சிக்கும் ஓட்டு வாங்கித் தரும் பெயர் இல்லை. 2006-ல் ஒரு ஆட்சி 6,000 ரூபாய் ஆக்கியது, 2011-ல் வேற ஆட்சி 12,000 ஆக்கியது, 2018-ல் 18,000 ஆனது. பெயரை மாற்றாமல் தொகையை மட்டும் மாற்றினார்கள். போட்டி இப்படி இருந்தால் எவ்வளவு நல்லா இருக்கும்!

காப்பீட்டு கார்டு எதற்கு உதவும், எதற்கு உதவாது

"ஐந்து லட்சம் கார்டு கையில் இருக்கே, இன்னும் என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதய அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை என்று பெரிய செலவு வரும்போது இந்த கார்டு எத்தனையோ குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளும் இதில் க்ளெய்ம் வாங்கி உபகரணம் வாங்குகின்றன. இதை மறுத்தால் ஊரில் யாரும் நம்மை நம்ப மாட்டார்கள்.

ஆனால் பணத்தின் கணக்கைப் பாருங்க. 2022-ல் புதுப்பித்தபோது குடும்பத்துக்கு 849 ரூபாய் பிரீமியம், ஆண்டுக்குச் சுமார் 1,248 கோடி. இதில் ஒன்றிய அரசின் 60 பங்கு, 2011 கணக்கெடுப்புப் பட்டியலில் இருக்கிற குடும்பங்களுக்கு மட்டும்தான். மிச்சக் குடும்பங்களுக்கு முழுச் செலவும் மாநிலத்துடையது. கார்டில் இரண்டு அரசின் பெயரும் இருக்கும், பாரம் மட்டும் சமமாக இல்லை.

இன்னொன்று. இந்த கார்டு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வேலை செய்யும், அதுவும் பட்டியலில் இருக்கிற சிகிச்சைக்கு. நம்ம பக்கம் வருகிற நோய் எது? மிளகாய்த் தோட்டத்தில், மல்லிக் காட்டில் பாம்பு கடித்தால் அடுத்த அரைமணி நேரத்துக்குள் விஷமுறிவு ஊசி வேணும். வைப்பார், வேம்பார் பக்கம் உப்பளத்தில் வெயிலில் நிற்கிறவருக்குக் கண்ணும் தோலும் கெடும். கடலுக்குப் போனவருக்கு நடுராத்திரியில் நெஞ்சு வலிக்கும். கர்ப்பிணிக்கு ரத்தம் குறையும். இதற்கெல்லாம் கார்டு முதல் மருந்து இல்லை. பக்கத்தில் திறந்திருக்கிற ஆஸ்பத்திரி, அதில் தூங்காத டாக்டர், ஃப்ரிட்ஜில் ஊசி. இதுதான் முதல் மருந்து.

நாடு முழுக்க நிலைமை இதுதான். 2013-14-ல் மருத்துவச் செலவில் நூற்றுக்கு 64 ரூபாய் மக்கள் சொந்தப் பையிலிருந்து போட்டார்கள். 2021-22-ல் அது 39 ஆகக் குறைந்திருக்கிறது என்று ஒன்றிய அரசின் கணக்கு சொல்கிறது. குறைந்தது நல்லதே. ஆனால் இன்னமும் நூற்றுக்கு 39 ரூபாய் நோயாளி பையிலிருந்துதான். அரசாங்கங்கள் எல்லாம் சேர்ந்து போட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.84 சதவீதம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025-க்குள் 2.5 சதவீதம் என்று எழுதி வைத்தது. 2025 முடிந்து போச்சு, காலண்டரும் மாற்றியாச்சு.

மேல்வரி எங்கே போகிறது?

2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு 99,859 கோடி. கேட்கப் பெரிய தொகை. மொத்த பட்ஜெட் 50.65 லட்சம் கோடி. அதாவது நூறு ரூபாயில் இரண்டு ரூபாய்கூட முழுசாக இல்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வருமான வரியின் மேல் 4 சதவீதம் "சுகாதார, கல்வி மேல்வரி" என்று 2018-லிருந்து வாங்குகிறார்கள். அரசியல் சட்டப்படி மேல்வரியில் மாநிலத்துக்குப் பங்கு கிடையாது. ஆஸ்பத்திரி நடத்துவது மாநிலம், சுகாதாரத்தின் பெயரில் வாங்கின மேல்வரி முழுக்க டெல்லி. பங்கு பிரிக்கிற வரியிலும், 9-வது நிதிக்குழுவில் தமிழ்நாட்டின் பங்கு 7.931 சதவீதமாக இருந்தது, 15-வது நிதிக்குழுவில் 4.079 ஆகச் சுருங்கியது. குடும்பக் கட்டுப்பாடு, தாய் சேய் நலம் எல்லாவற்றிலும் சொன்னதைச் செய்த மாநிலம் இது. இங்கே பிரசவங்களில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில் நடப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நல்லா படிக்கிற பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைக்கிற வீடு எங்காவது உண்டா?

"பணம் கொடுக்கிறவன் பெயர் போடக் கூடாதா?" என்று எதிர்ப் பக்க நண்பர்கள் கேட்பார்கள். பதில் சொல்லுங்க: பணம் கொடுத்தது யார்? வரப்பில் நின்று பூச்சிமருந்து பாட்டில் வாங்கும்போது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிற சம்சாரி கொடுத்தது. போடணும் என்றால் அவர் பெயரைப் போடுங்கள்.

நம்ம வேலை என்ன?

போஸ்டருக்கு லைக் போடுவது எளிது. விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், குளத்தூர், சூரங்குடி, வேம்பார் தோழர்கள் இதைச் செய்யுங்கள்.

ஒன்று: ஜனவரி 26 கிராமசபைக்குப் போங்க. நம்ம மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்தான் நடத்துகிறார். தலைவர் இல்லை என்று வீட்டில் உட்கார வேண்டாம். தீர்மானம் ஊர் ஜனத்துடையது. "சுகாதார நிதியின் எந்தத் தவணையையும் பெயர், படம், சின்னம் காரணமாக நிறுத்தக் கூடாது" என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொடுங்க.

இரண்டு: தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, நம்ம அரசு ஆஸ்பத்திரிக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இந்தக் கேள்விகளைப் போடுங்க. அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடம் எத்தனை, ஆள் இருப்பது எத்தனை? நர்ஸ்களில் நிரந்தரம் எத்தனை, தொகுப்பூதியம் எத்தனை? ராத்திரி டியூட்டிக்கு டாக்டர் யார்? மயக்க மருந்து டாக்டர் உண்டா? பாம்புக்கடி ஊசி கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை நாள் இருப்பில் இல்லை? பதில் வந்தால் அதைப் பதிவாகப் போடுவோம். நல்ல பதில் வந்தால் நல்லதென்றே போடுவோம்.

மூன்று: ஓட்டுக் கேட்டு வருகிற எல்லா வேட்பாளரிடமும், நம்ம கூட்டணி வேட்பாளரிடமும் சேர்த்து, ஒரே கேள்வி. "ஆட்சி மாறினால் முந்தின ஆட்சியின் ஆஸ்பத்திரித் திட்டத்தை மூட மாட்டோம் என்று எழுதித் தருவீர்களா?" நம்மவர் என்று விட்டுக்கொடுக்காதீங்க. நம்மவரிடம் கேட்க உரிமை அதிகம்.

நான்கு: தொகுப்பூதிய நர்ஸ்களோடு நில்லுங்க. 2015-ல் மாதம் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்து, இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று நம்பி, 2017 நவம்பரில் சென்னையில் தரையில் உட்கார்ந்து போராடியவர்கள் அவர்கள். எந்த ஆட்சி வந்தாலும் அவர்கள் கோரிக்கை மட்டும் பழசாகவே இருக்கிறது. தவணை தள்ளிப் போனால் முதலில் அடி வாங்குவது அவர்கள் சம்பளம்தான்.

கட்சிகள் சண்டை போடட்டும். எவ்வளவு ஒதுக்கினாய், எங்கே செலவழித்தாய், ஏன் குறைத்தாய் என்று மன்றத்திலும் மேடையிலும் போடட்டும். அது ஜனநாயகம். நாமும் போடுவோம், விட்டுக்கொடுக்காமல் போடுவோம். ஆனால் அந்தச் சண்டை நடக்கும்போது ஆஸ்பத்திரியில் லைட் எரியணும், ஃப்ரிட்ஜில் ஊசி இருக்கணும், நர்ஸ் அக்காவுக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வரணும்.

பெயர் யாருடையதாகவும் இருக்கட்டும். மருந்து நம்ம ஊருக்கு வரட்டும்!

இந்தப் பதிவை உங்கள் கிளைக் குரூப்பில் பகிருங்கள். கிராமசபைத் தீர்மானத்தின் நகலைப் படம் எடுத்துக் கீழே பதிவிடுங்கள்.

#பெயர்_வேண்டாம்_மருந்து_வேண்டும்
#தவணையை_நிறுத்தாதே
#விளாத்திகுளம்